தட்டில் ஏறும் தண்ணீர்

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் கல்லுக்கீரை என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லில் நார் உரிப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், கல்லில் கீரை பறிப்பவளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று டயர்க் கடைக்காரன் முதலில் கிண்டல் செய்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. மண்ணே இல்லாமல், சுட்ட களிமண் உருண்டைகளில் லெட்டூஸ் கீரை வளர்த்துப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்குதான் அவள் தோட்டம். ஜன்னல் கிடையாது. சுவரோரமாக இடுப்புயர மேசைகள், மேசைமேல் நீளத் தட்டுகள், தட்டு நிறைய உருண்டைக் கற்கள், கற்களுக்கு நடுவே செடிகள். தலைக்கு மேல் விளக்குகள். மேசைக்கு அடியில் கறுப்பு டேங்க். டைமரில் வைத்த நேரம் வந்ததும் மோட்டார் ஓடும். டேங்கில் கலந்து வைத்த சத்துத் தண்ணீர் தட்டுக்கு ஏறி, கற்களின் கழுத்துவரை வந்து, சற்று நேரம் நிற்கும். மோட்டார் நின்றதும் வந்த வழியே இறங்கிவிடும்.

கேட்பவர்கள் எல்லாரும் ஏறுவதைத்தான் பெரிதாக நினைப்பார்கள். தொழில் இருப்பதோ இறங்குவதில். தண்ணீர் இறங்கினால்தான் கற்களுக்கிடையே காற்றுப் புகும். அந்தக் காற்றைத்தான் வேர் மூச்சாக இழுக்கும். முன்பு அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த, இதே முறையில் கீரை வளர்க்கும் பெரிய பண்ணையில் மேஸ்திரி அடிக்கடி சொல்வார், "தண்ணி குடுக்க எவனாலயும் முடியும்மா. குடுக்காம இருக்கத்தான் தெம்பு வேணும்." செடியைப் பற்றித்தான் சொன்னார், பாவம். அது தன் வீட்டுக்காரருக்கும் பொருந்தும் என்று அவள் அப்போது எங்கே கண்டாள்?

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கிப் பல காலம் ஆன பிறகும் ஊருக்கு அவர் டிரைவர்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கையைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்கும் ஓய்வு என்பதால் வாரக் கடைசியில் மட்டும் இடைவெளி கூடுதல். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கும். முதலில் கணுக்காலில் தெரியும், பிறகு முகத்தில், கடைசியில் நெஞ்சுக்குள் ஏறி மூச்சை அடைக்கும். ஒரு தடவை அப்படி ஏறியும் விட்டது. பிழைத்து எழுந்த அன்று நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படிக் கொண்டு வந்தீங்கன்னா எங்க கையில இல்லம்மா. நாளுக்கு ஒரு சின்ன பாட்டில். அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது."

அவள் அப்போது ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பகல் முழுக்க அவர் வீட்டில் தனியாக இருந்தார். தனியாக இருந்ததால்தான் குடித்தார். அதனால்தான் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கிடங்கைப் பிடித்தாள். ஊருக்கு அது கீரை வியாபாரம். அவளுக்கு அது அவரைக் கண்ணெதிரே உட்கார வைத்துக்கொள்ள ஓர் இடம். கீரை விளைந்தால் கிடங்கு நிற்கும், கிடங்கு நின்றால் அவர் நிற்பார். அவள் கணக்கு அவ்வளவு எளிமையானது.

காலையில் அவரைக் கூட்டி வந்து மேசைக்கும் சுவருக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பாள். வீட்டுக் குழாய்களின் கைப்பிடிகளைக் கழற்றிப் பையில் போட்டிருப்பாள். அவள் பெட்டி கொண்டுபோகும் நேரத்தில் அவர் தனியாக இருப்பார் என்பதால், கிடங்கு மூலையில் இருந்த குழாய்க்குச் சின்னப் பூட்டு. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும்.

"தாலி மாதிரி சாவியக் கட்டிக்கிட்டிருக்கா," என்று டிரைவர் டயர்க் கடைக்காரனிடம் சொல்லிச் சிரிப்பார். "பீரோவுக்குப் பூட்டு போடுவாங்க, கேட்டுக்குப் பூட்டு போடுவாங்க. என் பொண்டாட்டி குழாய்க்குப் பூட்டு போட்டிருக்கா."

"போடலைன்னா நீங்க ஆத்தையே குடிச்சிருவீங்க," என்பாள் அவள்.

அவரும் சிரிப்பார். உதடு வெடித்திருக்கும், சிரித்தால் எரியும். இருந்தாலும் சிரிப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போதெல்லாம் முள் கூடுதலாக ஏறியது. மெஷினில் படுப்பதற்கு முன் எடை பார்ப்பார்கள். போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவும் குடித்த தண்ணீர். எடை பார்க்கும் கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"யாரும்மா குடுக்கறா?"

"யாரும் குடுக்கலையே. எல்லாத்தையும் பூட்டித்தானே வச்சிருக்கேன்."

"அப்ப மழையில நனைஞ்சு ஊறிட்டாரா?"

டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால், "நீ குடுத்த பாட்டில்லயே பாதி மிச்சம் இருக்கே, பாரு," என்று எடுத்துக் காட்டினார். உண்மைதான். இப்போதெல்லாம் தினமும் பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சம் வைத்தார். அவளுக்கு அதில் பெருமைகூட. மனிதர் கடைசியில் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தாள். ஆக, தவறு அவர்மேல் இருக்க முடியாது. வேறு யாரோ கொடுக்கிறார்கள். வேறு யார்? நாத்தனார்தான்.

டிரைவரின் அக்கா இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. வேலை முடிந்ததும் கிடங்குக்கு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். "ஒரு வாய் தண்ணிக்கு எந்தம்பிய இப்படி ஏங்க விடுறியே, நீ நல்லா இருப்பியா," என்று முகத்துக்கு நேராகவே கேட்டவள். அப்படிக் கேட்டவள் கொடுக்கமாட்டாளா என்ன?

"அண்ணி, உங்க பையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

நாத்தனார் பையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். சீப்பு, குடை, சாப்பாட்டு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில்.

"இது என்ன?"

"நான் குடிக்கிறதுக்குடி! நாள் முழுக்கப் பிள்ளைங்களோட கத்திட்டு வரேன், நான் தண்ணி குடிக்கக் கூடாதா?"

"நீங்க குடிக்கிறதுன்னா ரோட்டுல குடிச்சிட்டு உள்ள வந்திருக்கணும். அவரு முன்னாடி எதுக்குத் தூக்கிட்டு வரீங்க? உங்க தம்பியக் கொல்லணும்னே வரீங்களா?"

வாய் தவறி வந்த சொல் இல்லை அது. நினைத்துத்தான் சொன்னாள். நாத்தனார் குனிந்து சாமான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். குடையை மறந்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை. டிரைவர் அத்தனையையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து, அக்கா கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை மட்டும், "அவளப் போய் அப்படிச் சொல்லியிருக்க வேணாம்," என்றார்.

"அப்ப யாரு குடுத்தா? நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இது ஒரு பக்கம் இருக்க, செடிகளும் சரியில்லாமல் போயின. மதியத்தில் விளக்குச் சூட்டுக்கு இலை லேசாகத் தொங்குவது சகஜம், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். இப்போது நிமிரவில்லை. கீழிலைகள் மஞ்சளித்தன. செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கற்களுக்குள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துச் செடியும் ஆடிப்போகும் என்று அவளுக்குப் பயம். அதைவிடப் பெரிய காரணம் டேங்கின் மிதவை. டேங்க் மூடியின் துளை வழியாக ஒரு குச்சி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் குறையக் குறையக் குச்சி இறங்கும். நல்ல வேர் நன்றாகக் குடிக்கும், அழுகிய வேர் குடிக்காது. இந்தத் தொழிலில் பாலபாடம் அது. குச்சியோ நாளுக்கு நாள் முன்னைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, செடியெல்லாம் எப்படிக் குடிக்குதுன்னு?" என்று அவரிடம் குச்சியைக் காட்டினாள். "வேருக்கு ஒண்ணுமில்ல. சூடுதான். பாவம், தாகம்."

"ஆமா," என்றார் அவர். "தாகம்."

தாகம் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். நாளுக்கு நாலு முறை ஏறிய தண்ணீரை ஐந்து முறை ஏறும்படி டைமரில் இன்னொரு பல்லை அழுத்திவிட்டாள். வட்ட டைமர் அது, சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். எந்த நேரத்துப் பல்லை அழுத்துகிறோமோ அந்த நேரத்தில் மோட்டார் ஓடும். கூடுதலாக டேங்கையும் நிரப்பினாள். ஒரு மேசைக்கும் ஒரு மனிதருக்கும் ஒரே நேரத்தில் கேடு செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை, மாணவர் விடுதிச் சமையல்காரர் பெட்டியைத் திருப்பித் தள்ளினார்.

"என்னம்மா இது, கீரையா இல்ல கந்தல் துணியா? கையில எடுத்தா தொங்குது. வாயில போட்டா கசக்குது. அடுத்த வாரமும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறேன், கோவிச்சுக்காத."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகக் கிடங்குக்குத் திரும்பினாள். வழக்கமாக விடுதியிலிருந்து சந்தைக்கும் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருவாள். அன்று உச்சி வெயிலிலேயே வந்துவிட்டாள். டிரைவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். ஈரத்துண்டு கழுத்தில். மாலையில் மெஷினுக்குப் போக வேண்டிய நாள். ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு இப்படித்தான் களைப்பாக இருப்பார் என்று நினைத்து அவரைத் தாண்டி மேசைக்குப் போனாள். இன்றைக்கு ஒரு செடி போனால் போகட்டும் என்று அடியைப் பிடித்து இழுத்தாள்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக, நூல் நூலாக இருக்க வேண்டிய வேர், பழுப்பாகக் கொழகொழவென்று தொங்கியது. சாக்கடை நாற்றம். விரலில் பட்டதும் தோல் மட்டும் உரிந்து வந்தது. அடுத்ததை எடுத்தாள், அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. மூச்சுவிட இடமில்லாமல் மூழ்கிச் செத்த வேர்கள். தண்ணீர் போதாமல் வாடின செடியும், தண்ணீரில் மூழ்கி வாடின செடியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவளுக்கு இது தெரியும். தெரிந்தும் மூழ்கியதற்கே மேலும் தண்ணீர் விட்டிருக்கிறாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் டேங்கின் குச்சி கண்ணில் பட்டது. நேற்று நிரப்பிய டேங்க். குச்சி நன்றாக இறங்கியிருந்தது.

வேர் செத்துக் கிடக்கிறது. செத்த வேர் குடிக்காது. அப்படியென்றால் தண்ணீர் எங்கே போனது?

டைமரைப் பார்த்தாள். தான் அழுத்திய ஐந்து பற்கள் போக, பகல் பொழுதில் வரிசையாக வேறு பற்களும் அழுந்திக் கிடந்தன. சற்று முன் போன நேரத்துக்கு ஒன்று, இனிமேல் வரவேண்டிய நேரத்துக்கு ஒன்று, அதற்குப் பிறகும் ஒன்று. கல்லில் கை வைத்தாள். உலர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் சொதசொதவென்று ஈரம்.

மெல்லத் திரும்பினாள். டிரைவரின் சட்டைப் பையிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. தட்டுகளை இணைக்க அவளே வெட்டிப்போட்ட மிச்சம். அதன் நுனி ஈரமாக இருந்தது.

"என்னங்க."

அவர் கை குழாயைப் பைக்குள் தள்ளப் பார்த்தது.

"என்னங்க, இதுல உறிஞ்சினீங்களா?"

"டேங்க் மூடி கனம். இந்தக் கையால தூக்க முடியல." அவர் மெஷினுக்கு ஊசி குத்தும் கையைக் காட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே வாயைத் திறந்து காற்றை இழுத்தார். "அதான்... அதையே மேல வரவச்சேன். பல்லை அழுத்துனா வருது. நீ வர்றதுக்குள்ள எடுத்து விட்டுருவேன். இன்னைக்கு எந்திரிக்க முடியல."

"எத்தனை நாளா?"

"துண்டையும் நனைச்சுப்பேன். எல்லாத்தையும் குடிக்கல." குழந்தை மாதிரிச் சொன்னார். "ஜில்லுன்னு வரும்மா. கல்லுக்கு நடுவுல முதல்ல சத்தம் கேக்கும். அப்புறம் மெதுவா ஏறும். காலையிலேருந்து அதுக்குத்தான் காத்துட்டிருப்பேன்."

"அண்ணிய நான் அந்தப் பேச்சுப் பேசினப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"சொன்னா நீ இதையும் பூட்டிருவியே."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கன்னத்தில் அறைந்திருப்பாள். அறையப் போன கை முகத்தருகே நின்றுவிட்டது. முகம் உப்பியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போன தடவை கேட்டிருக்கிறாள்.

டயர்க் கடைக்காரன் வேனை எடுத்தான். பின்னால் டயர்களுக்கு நடுவே அவள் உட்கார்ந்து, அவரை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டும். மடியில் அவளுடைய பை, பையில் அன்றைய பாட்டில், வழக்கம்போல் பாதிக்குமேல் மிச்சம். வேன் சந்தைத் தெருவில் சிக்கிக்கொண்டது. கடைக்காரன் ஹாரனை அழுத்திய அழுத்தில் தெருவே திட்டியது.

"இந்தாம்மா," என்றார் டிரைவர். "ஒரு வாய்."

"என்ன?"

"தண்ணி. ஒரே ஒரு வாய்."

அவள் பாட்டிலை இறுகப் பிடித்தாள். ஒரு வாயால் இனிமேல் கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. அது அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. இத்தனை காலமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், தானாகவே சொல்லிற்று.

"இப்ப வேணாங்க. மெஷின்ல போட்டதும் தரேன். பாருங்க, வந்துட்டோம்."

"சரி," என்றார்.

எப்போதும் கெஞ்சுகிறவர், அன்று கெஞ்சவில்லை. அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டார். வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள். மெஷினுக்கு வேலை இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து சில நாள்கள் கழித்துத்தான் அவள் கிடங்கைத் திறந்தாள். கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. செடிகள் தட்டோடு படுத்துவிட்டிருந்தன. குழாய்ப் பூட்டைத் திறந்து சாவியோடு தூக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிச் சாக்கில் போட ஆரம்பித்தாள். வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார் நின்றிருந்தாள். குடைக்காக வந்தவள்போல மூலையைப் பார்த்தாள், ஆனால் குடையை எடுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள்.

சாக்கு பாதி நிறைந்தது.

"அண்ணி, அன்னைக்கு நான் பேசினது..."

"அத விடு." நாத்தனார் கையிலிருந்த அழுகல் வேரை உதறினாள். "கடைசியா ஏதாவது கேட்டானா?"

"தண்ணி கேட்டாரு."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்காத கேள்விக்கும் இவளே பதில் சொன்னாள்.

"குடுக்கல அண்ணி. கையில பாட்டில் இருந்துச்சு. ஒரு வாய்தான் கேட்டாரு. நான் குடுக்கல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. நாத்தனார் திட்டவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது மோட்டார் ஓட ஆரம்பித்தது. கற்களுக்கு அடியில் முதலில் சத்தம் கேட்டது. பிறகு காலியான தட்டில் மெதுவாகத் தண்ணீர் ஏறியது.

"செடிதான் செத்துப்போச்சே, எதுக்கு இது? நிறுத்து."

அவள் டைமர் பக்கம் போகவில்லை. தட்டுக்கு இந்தப் பக்கம், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"இது அவரு வச்ச நேரம் அண்ணி," என்றாள். "ஏறட்டும்."